கோப்பை சரி, ஆள் தப்பு

வள்ளியூர்,
ஐப்பசி அடைமழை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது. "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று நீ வைத்ததிலிருந்து உங்கம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பி டம்ளர் மட்டும் மேஜைக்கு வருகிறது, கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு. போனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீ கேட்டதில் தப்பில்லை. 1946 பம்பாய்க் கடற்படைக் கிளர்ச்சியை வைத்து நீங்கள் எழுதுகிற தொடரில், நிஜமாக வாழ்ந்த ஓர் அதிகாரியைக் கோழையாகக் காட்டச் சொல்கிறார்கள். அவர் அப்படி நடந்துகொண்டதாக நீ படித்த எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை. ஆனால் மூன்றாம் பாகத்துக்கு ஒரு வில்லன் வேண்டுமாம். "டிராமான்னா அப்படித்தாம்ப்பா, இது டாக்குமெண்டரி இல்லையே" என்றாய். நான் கத்தினேன். ஏன் கத்தினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு, தீபாவளிக்கு வந்தபோது நீ டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, சோவியத் அணு உலை விபத்தைப் பற்றிய அந்த 'செர்னோபில்' தொடர், அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஐந்து பாகம், ஐந்து ராத்திரி. கீழே ஓடுகிற எழுத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, உங்கம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி: "ஏங்க, இது நெசமா நடந்துதா?"

முதல் நாள் எனக்குச் சிரமமே இல்லை. 1986 ஏப்ரல் 26, பின்னிரவு 1 மணி 23 நிமிஷம், நான்காவது உலை. நெசம். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பிரிப்யாத் நகரம், ஏறக்குறைய 49,000 பேர், மறுநாள் மத்தியானம்தான் அவர்களை ஏற்றிப்போக பஸ் வந்தது. அதுவும் நெசம். சுவர்க் காகிதம், பால் வாளி, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அந்தக் காலத்து சோவியத் வீட்டிலிருந்து தூக்கி வந்தது மாதிரி இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களே அதைப் பாராட்டினார்களாம். எடுத்தது லித்துவேனியாவில். அங்கே இக்னாலினாவில் அதே வகை உலைகள் மூடிக் கிடக்கின்றன. பிரிப்யாத்துக்குப் பதிலாக வில்னியசில் ஒரு குடியிருப்பைக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஒரு ஹெலிகாப்டர் உலைப் புகைக்கு மேலே போய்ச் சிதறி விழுந்தது. "நெசமா?" என்றாள். "ஆமா" என்றேன். படுத்த பிறகு மனசு கேட்காமல் போனை எடுத்துப் பார்த்தேன். ஹெலிகாப்டர் விழுந்தது உண்மை, நான்கு பேர் செத்ததும் உண்மை. ஆனால் அது அக்டோபர் 2. விபத்து நடந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இறக்கை கிரேன் கம்பியில் பட்டது. கதிர்வீச்சுக்கு அதில் பங்கில்லை. இது எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. தேதியை முன்னால் இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானே முப்பது வருஷம் நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது என்று வகுப்பில் சொன்னவன். தோட்டத்தில் பழம் விழுவதைப் பார்த்து யோசித்ததாகத்தான் அவர் சொல்லியிருக்கிறார். தலையில் விழுந்தால்தான் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் அதே பாகத்தில், உருகிய எரிபொருள் கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் இரண்டு முதல் நான்கு மெகாடன் அளவுக்கு வெடிக்கும் என்று ஒரு விஞ்ஞானி சொல்கிறாள். அங்கே வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. ஹிரோஷிமாவில் போட்டதே சுமார் 15 கிலோடன். இரண்டு மெகாடன் என்றால் அதைப்போல நூற்று முப்பது மடங்குக்கு மேல். நீராவி எப்படி வெடித்தாலும் அந்தக் கணக்கு வராது. உங்கம்மாவுக்கு மெகாடன் தெரியாது. ஆனால் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கூடங்குளம் என்பது தெரியும். அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

காலையில் தோசைக்கல் பக்கத்தில் நின்று பாடம் எடுத்தேன். செர்னோபிலில் தணிப்பான், அதாவது நியூட்ரானின் வேகத்தைக் குறைத்து அணுப்பிளவு வினையைத் தொடர வைப்பது, கிராஃபைட்; குளிர்விப்பான் தண்ணீர். தண்ணீர் ஆவியானாலும் கிராஃபைட் இருக்கும், வினை கூடும். கூடங்குளத்தில் தணிப்பதும் தண்ணீர், குளிர்விப்பதும் தண்ணீர். அது போனால் வினை படுக்கும். 1988-இல் ராஜீவும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டு வந்தது வேறு வகை உலை. நான் ஆலைக்கு வக்கீல் இல்லை, உனக்குத் தெரியும். இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் கேட்டதில் பல கேள்விகள் எனக்கும் உண்டு. ஆனால் அவள் பயப்படுவதாக இருந்தால் சரியான காரணத்துக்காகப் பயப்படட்டும். டிவியில் வந்த ஒரு தப்புக் கணக்கு இந்த வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கணக்கைச் சொன்ன விஞ்ஞானி இருக்கிறாளே, உலானா ஹோம்யுக், அவள் நிஜத்தில் இல்லவே இல்லை. விசாரணையில் உழைத்த பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரே பெண்ணாகப் பிசைந்திருக்கிறார்கள். அதைக் கடைசிப் பாகத்தின் முடிவில் எழுத்திலேயே போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். இதில் எனக்கு வழக்கே கிடையாது. இல்லாத ஆளை உண்டாக்கினால் யாருடைய பேரன் வந்து சட்டையைப் பிடிப்பான்?

வழக்கு மூன்றாம் பாகத்தில். நிலக்கரித் துறை அமைச்சர் வருவாரே, இளந்தாரி மாதிரி, பளிச்சென்று கோட்டுப் போட்டுக்கொண்டு. துப்பாக்கிக்காரர்கள் துணைக்கு. சுரங்கத் தொழிலாளிகள் ஒவ்வொருவராக வந்து கரிக்கையால் அவரைத் தட்டிவிட்டுப் போவார்கள். உங்கம்மா கைதட்டினாள். நானும் சிரித்தேன். அப்புறம் தேடினால், அந்த மிகயில் ஷ்சாதோவ் அப்போது அறுபதை நெருங்கியவர். சுரங்கத்திலேயே வேலை பார்த்து மேலே வந்தவர். கரி எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் தடவிக் காட்ட வேண்டியதில்லை. திரையில் இருந்த கோப்பையும் மேஜையும் 1986-ஐச் சேர்ந்தவை. அதைப் பிடித்திருந்த மனிதர் மட்டும் வேறு ஆள். கோப்பை அத்தனை சரியாக இருந்ததால்தான் அந்த ஆளையும் நான் நம்பினேன். இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன், பாப்பா.

டியாட்லோவ் கதை இன்னும் மோசம். விபத்து நடந்த ராத்திரி உலையில் நடந்த சோதனையை நடத்தியவர். தொடரில் அவர் ஒரு ராட்சசன். நிஜத்திலும் கடுமையான ஆள்தான், பலர் சொல்லியிருக்கிறார்கள். பத்து வருஷ தண்டனை, உடம்பு கெட்டு 1990-இல் விடுதலை, 1995-இல் மரணம். ஆனால் 1992-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு தன் பழைய அறிக்கையையே திருத்தி, ஆட்களின் தவறைவிட உலையின் வடிவமைப்புக் கோளாறுக்கு அதிக இடம் கொடுத்தது. நிறுத்துவதற்கான பொத்தானை அழுத்தினால், வினையை அடக்க இறக்குகிற கட்டுப்பாட்டுக் கழியின் கிராஃபைட் நுனி முதலில் உலையின் அடியில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஒரு கணம் வினையைக் கூட்டுகிற உலை அது. தொடரும் இதைச் சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. அந்தச் சிவப்பு, நீல அட்டை விளக்கத்தை நான் பாதுகாத்து வைத்திருந்து மறுபடி வகுப்பெடுக்கலாம் போல இருக்கிறது. ஆனால் பார்த்து முடித்தவர்கள் மனசில் நிற்பது கழியின் நுனியா, கத்துகிற மீசைக்காரரா?

அட்டை விளக்கம் சொன்னவர் லெகாசோவ், விபத்தை ஆராய்ந்த சோவியத் விஞ்ஞானி. ஐந்தாம் நாள் அவர் நீதிமன்றத்தில் எழுந்து உண்மையைப் போட்டு உடைத்தபோது உங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நெசமா?"

1987 ஜூலையில் நடந்த அந்த விசாரணையில் லெகாசோவ் இல்லவே இல்லை. அவர் பேசியது 1986 ஆகஸ்டில், வியன்னாவில், மணிக்கணக்காக. அங்கே அவர் முன்வைத்த அறிக்கையில் பழியின் பெரும்பங்கு இயக்கியவர்கள் மேல்தான். பூனையோடு தனியாக வாழ்ந்தவரும் இல்லை, மனைவி பிள்ளைகள் இருந்தார்கள். இவ்வளவையும் சொன்னேன். உங்கம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ, அவன் பொண்டாட்டி இதைப் பாத்தா என்ன நெனைப்பா?"

எழுதிய கிரெய்க் மேசினை ஒரு விஷயத்துக்குப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு ஒலிப்பேச்சு வெளியிட்டு, எது நடந்தது, எதைத் தான் மாற்றினேன் என்று அவரே வாய்விட்டுச் சொல்கிறார். விசாரணைக் காட்சியையும் ஒத்துக்கொள்கிறார். அந்தத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட உலைக்கு அடியில் இறங்கிய மூன்று பேர் சில வாரத்திலேயே செத்துவிட்டார்கள் என்று உலகமே பல வருஷம் நம்பியது. இல்லை, பிழைத்தார்கள் என்று தொடர் திருத்திச் சொன்னது. நாடகம் வரலாற்றைத் திருத்திய இடமும் உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒலிப்பேச்சை எத்தனை பேர் கேட்பார்கள்? எல்லாரும் பார்ப்பது கடைசியில் வரும் கறுப்புப் பலகை எழுத்தைத்தான். நாடகம் முடிந்தது, இனி வருவது உண்மை என்று மனசு அங்கே தளர்ந்து உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில், ரயில் பாலத்தில் நின்று உலைத் தீயை வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை என்று தகவல் என எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஊர்ப் பேச்சு. நம் மொழியில் அதற்கு ஓர் 'ஆம்' போட்டிருப்போம்: பிழைக்கவில்லையாம். அந்த இரண்டெழுத்தை உங்கம்மா ஒருநாளும் தவறவிட மாட்டாள், பக்கத்து வீட்டு விஷயம் என்றாலும். பாகத்துக்குள்ளே நூறு கற்பனை இருக்கட்டும். முடிவில் வரும் அந்தப் பலகையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பேன்.

இதெல்லாம் ரஷ்யாக்காரன் பாடு, நமக்கென்ன என்று நீ கேட்கலாம். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. ஏழாம் வகுப்பில் என்னோடு எட்டயபுரத்துப் பையன் ஒருவன் படித்தான். சிவாஜி நடித்த கட்டபொம்மன் படத்தை டூரிங் டாக்கீஸில் பார்த்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து அவனுக்கு எங்கள் வகுப்பில் பெயர் 'எட்டப்பன்'. பென்சில் காணாமல் போனால் அவன்தான். வாத்தியாரிடம் யாராவது போட்டுக் கொடுத்தால் அவன்தான். நான் முன்னால் நின்று கூப்பிட்டவன். வருஷப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. எட்டயபுரம் பாளையம் கிழக்கிந்தியக் கும்பினி பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. படம் வருவதற்கு முன்பே கூத்தும் கதைப்பாட்டும் எட்டப்பனைத் துரோகியாக்கி வைத்திருந்தன, எல்லாப் பழியும் படத்துக்கு இல்லை. ஆனால் எங்கள் வகுப்புக்கு அது வந்தது திரையில்தான், சிவாஜியின் குரலோடு. நிஜத்தில் இருந்த ஒரு குடும்பத்தின் பெயர் இன்று அகராதிச் சொல். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் கத்தினேன். உன் அதிகாரிக்குக் கோழைத்தனம் கட்டாயம் வேண்டும் என்றால், அவர் பெயரை எடுத்துவிட்டு ஒரு புதுப்பெயர் வை. பதவியைக் கொஞ்சம் மாற்று. அந்த ஹோம்யுக்கைப் போல ஓர் ஆளை உண்டாக்கு. கோழையாக இருக்கட்டும், திருடனாகக்கூட இருக்கட்டும். மாட்டேன் என்கிறார்களா, நிஜப் பெயரே வேண்டுமா, அப்படியானால் ஏன் வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு தடவை கேள். நிஜப் பெயர் தருகிற நம்பிக்கை வேண்டும், அதற்கான பொறுப்பு மட்டும் வேண்டாம் என்பதுதான் பதிலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு அங்கே எவ்வளவு குரல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வேலை போகும் என்றால் போனில் சொல், யோசிப்போம். இந்தத் தடவை கத்த மாட்டேன்.

மழை விட்டுவிட்டு அடிக்கிறது. முறுக்கும் அதிரசமும் பார்சலில் போட்டாயிற்று. அதிரசம் கொஞ்சம் கருகல். டியாட்லோவ் கத்தும்போது அடுப்பை மறந்துவிட்டாள்.

உங்கம்மா இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். ஆறாவது பாகம் எப்போ வருமென்று கேட்டாள். ஐந்தோடு முடிந்துவிட்டது என்றேன்.

"நெசமா?" என்றாள்.

அன்புடன்,
அப்பா