கேரமல் பாப்கார்னை மிட்டாய் வரிசையில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பாப்கார்னுக்கு ஒரு விளக்கம் தந்தது. அப்போதைய விகிதப்படி உப்பு, மசாலா போட்டது உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்து விற்றால் 12. கேரமல் பூசியது சர்க்கரை மிட்டாய் வகை, அதனால் 18. ஊரே சிரித்தது. வரி நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் அது மிட்டாய்தான் என்று சொன்னது சரி. கடை அலமாரியில்தான் அது இன்னும் தானியத் தின்பண்டமாக வேஷம் கட்டி நிற்கிறது. 'சிப்ஸுக்கு இது தேவலாம்' என்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்காகவே இந்தக் கடிதம்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் இல்லாமல் வெறும் சூட்டில் பொரித்த 100 கிராம் பாப்கார்னில் 387 கலோரி, நார்ச்சத்து 14.5 கிராம், புரதம் 12.9, கொழுப்பு 4.5, சர்க்கரை 1 கிராமுக்கும் குறைவு. கடலை சேர்க்காத கேரமல் பாப்கார்னில் 431 கலோரி, நார்ச்சத்து 5.2, புரதம் 3.8, கொழுப்பு 12.8, சர்க்கரை 53 கிராம். கலோரியை மட்டும் பார்ப்பவர் ஏமாறும் இடம் இதுதான்: வித்தியாசம் 44தான். ஆனால் பாக்கெட்டில் பாதிக்கு மேல் சர்க்கரையாகிவிட்டது.

சோளம் எங்கே போனது? இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. பாகில் நார்ச்சத்து இல்லை என்பதால், பாக்கெட்டில் 100 கிராமுக்கு எனப் போட்டிருக்கும் நார்ச்சத்தை வெறும் பொரியின் 14.5 ஆல் வகுங்கள். 5.2 என்றால் விடை 0.36, அதாவது பாக்கெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சோளப்பொரி. நார்ச்சத்து அச்சாகியிருக்காவிட்டால் புரதத்தை 13 ஆல் வகுக்கலாம். கடலை, பாதாம், பால் பவுடர் சேர்ந்திருந்தால் புரதக் கணக்கு பொய் சொல்லும். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு கைப்பிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பார்க்கட்டும். தண்ணீர் டீ நிறமாகும். சக்கை போல மிஞ்சுவதுதான் சோளம்.

எடையை விட அளவு இன்னும் மோசமாக ஏமாற்றும். பாப்கார்னை யாரும் தராசில் வைத்துத் தின்பதில்லை, கை நிறைய அள்ளுகிறோம். வெறும் பொரி ஒரு கப் 8 கிராம்தான், 31 கலோரி. அதே கப்பில் கேரமல் பாப்கார்ன் 35 கிராம் பிடிக்கும், 150 கலோரி. காற்றைப் போல லேசான ஒரு முத்தின் மடிப்புகளில் எல்லாம் பாகு ஏறினால் பொரியை விடப் பூச்சே கனமாகிவிடும். கை பழைய அளவிலேயே அள்ளுகிறது, உள்ளே போவது ஐந்து மடங்கு.

பாக்கெட்டின் பின்புறத்தில் முதலில் பார்க்க வேண்டியது உட்பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. 100 கிராமில் சோளம் 40, சர்க்கரை 28, லிக்விட் குளுக்கோஸ் 15, நாட்டுச் சர்க்கரை 6, மீதி எண்ணெய், உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முதல் பெயர் சோளம்தான். ஆனால் இனிப்பு மூன்றையும் கூட்டினால் 49! விதி மீறல் எதுவும் இல்லை. வெல்லம், தேன், பழுப்புச் சர்க்கரை எல்லாம் இதே கூட்டலில் சேர வேண்டியவை. முன்பக்கம் தேன் கூட்டின் படம் பெரிதாக இருந்தால், பட்டியலில் தேன் எத்தனை சதவீதம் என்று தேடிப் பாருங்கள்.

அடுத்து 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரி. 2020 லேபிள் விதிகளின்படி மொத்தச் சர்க்கரையும் இதுவும் தனித்தனியே இருக்க வேண்டும். சோளத்தில் சொந்தச் சர்க்கரை அநேகமாக இல்லை என்பதால் இரண்டு எண்ணும் ஒட்டியே வரும். பக்கத்தில் ஒரு பரிமாறலுக்கான சதவீதம் இருக்கும். அது 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கு நாளொன்றுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு. 30 கிராம் ஒரு பரிமாறல் என்றால் சர்க்கரை 16 கிராம், சுமார் நான்கு டீஸ்பூன், 32 சதவீதம். பார்க்கச் சாதுவான எண். 90 கிராம் பாக்கெட்டை ஒரு பிள்ளை காலி செய்தால் 96 சதவீதம், அதுவும் பெரியவர் கணக்கில். மீதியை எடுத்து வைக்கவும் முடியாது. சர்க்கரைப் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, சென்னை மாதிரி ஊரில் சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். பிரித்ததும் பங்கு போட்டு, மிச்சத்தை உடனே இறுக்கமான டப்பாவில் போடுவதுதான் வழி.

'நார்ச்சத்து உள்ளது' என்ற வாசகத்துக்கு மயங்க வேண்டாம். 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ள 2018 விதிகள் இடம் தருகின்றன. 53 கிராம் சர்க்கரை உள்ள பாக்கெட்டும் அந்தத் தகுதியைத் தாண்டிவிடும். இன்னொரு குழப்பம் 'சோளம்' என்று நாம் சொல்லும் பெயரால் வந்தது. இது மக்காச்சோளம், சிறுதானியமான வெள்ளைச் சோளம் அல்ல. 'சோளம்தானே, சுகருக்கு நல்லது' என்று நீரிழிவுக்காரர்கள் இதைத் தொடுவது ஆபத்து. கொழுப்பில், டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு இருப்பதால் இப்போது கவனிக்க வேண்டியது பாமோலினிலிருந்து வரும் நிறைவுற்ற கொழுப்பு. நான்கு வயதுக்குக் கீழான குழந்தைக்கு எந்தப் பாப்கார்னும் வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும்.

இனிப்பு வேண்டும் என்றால் வீட்டில் 40 கிராம் சோளத்தை இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் பொரிக்கலாம். மூடியைச் சற்றே திறந்து வைக்காவிட்டால் நீராவி தங்கிப் பொரி தோல் போலாகும். 15 கிராம் வெல்லத்தைக் கார்த்திகைப் பொரி உருண்டைக்குக் காய்ச்சுவது போல, தண்ணீரில் விட்டால் கெட்டியாகும் பதத்தில் இறக்கிப் புரட்டுங்கள். பதம் முந்தினால் பொரி நமுத்துவிடும், பிந்தினால் கசக்கும். நான்கு பேருக்கு ஆகும், ஆளுக்கு 4 கிராம் இனிப்புக்குள். எல்லா முத்திலும் பாகு ஒட்டாது. ஒட்ட வைக்கத்தான் ஆலையில் அவ்வளவு சர்க்கரை.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020 உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கேன்டீன்களுக்கு அனுப்பும் தடைப் பட்டியலில் சாக்லேட், குளிர்பானத்துக்குப் பக்கத்தில் 'கேரமல் பாப்கார்ன்' என்று பெயர் சொல்லியே ஒரு வரி சேர்க்குமாறு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆசிரியை,
மதுரை