பங்க் இசை லண்டனில் மட்டும் பிறக்கவில்லை

ஆசிரியருக்கு,

எழுபதுகளின் முரட்டு ராக் இசையான பங்க் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த ‘பங்க் இசைக்கு ஐம்பது வயது’ கட்டுரையில் லண்டன், நியூயார்க் இரண்டைத் தவிர வேறு ஊரே இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனை எப்படி விட்டீர்கள்? அந்த ஊர்ப் பையன்களின் ‘தி செயின்ட்ஸ்’ குழு 1976 செப்டம்பரிலேயே ‘ஸ்ட்ராண்டட்’ பாடலை வெளியிட்டுவிட்டது. கட்டுரை கொண்டாடும் லண்டன் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது நவம்பரில்தான். அதுவும், செயின்ட்ஸ் பையன்கள் எந்த நிறுவனத்தையும் நம்பாமல் சொந்தமாக ஒரு இசைத்தட்டு லேபிள் தொடங்கி 500 பிரதிகள் போட்டு, லண்டன் பத்திரிகைகளுக்குத் தாங்களே தபாலில் அனுப்பினார்கள். கச்சேரி வாசிக்க இடம் கிடைக்காதபோது பிரிஸ்பேனின் பெட்ரி டெரஸ் பகுதியில் தாங்கள் குடியிருந்த வீட்டையே அரங்கமாக்கிக்கொண்டார்கள். லண்டனைப் பார்த்து எழுதியது அல்ல இந்தப் பாடல். மாநில முதல்வர் ஜோ பியல்கி-பீட்டர்சன் ஆட்சியின் கெடுபிடியில் இருந்த, பிரிஸ்பேன் அடங்கிய குயின்ஸ்லாந்தில் மூச்சு முட்டிய இளைஞர்களின் குரல்.

பிரிஸ்பேனில் வேலை பார்த்த நாட்களில் இந்தப் பாடலின் பழைய தட்டு ஒன்றை நண்பர் வீட்டில் கேட்டேன். ஊசியை வைத்ததும், முன்னிசை என்று எதுவும் இல்லாமல், குழுவின் கிட்டார் கலைஞர் எட் குய்ப்பரின் வாசிப்பு அப்படியே பாய்ந்து வந்தது. அப்புறம் பாடகர் கிறிஸ் பெய்லியின் அந்த அலட்சியமான, அடிபட்ட குரல். பெய்லி 2022-இல் மறைந்தபோதும் நம் பத்திரிகைகளில் ஒரு வரி என் கண்ணில் படவில்லை. சரி, இப்போதாவது இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் பிரிஸ்பேனுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். அதில் பெய்லியின் படமும் இருக்கட்டும்.

- ஒரு வாசகர், திருச்சி