ஆப்பரேஷனுக்கு முன்னால் ரத்தத்தைக் கவனி

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்பு மகள் கவிதாவுக்கு,

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கட்டியை விட உன் ஹீமோகுளோபின்தான் கவலையாக இருக்கிறது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. நீ 9ஐ வைத்துக்கொண்டு டேபிளில் போய்ப் படுக்கக் கூடாது.

உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல். இரும்புச்சத்து குறைவென்றால் மாத்திரை தருவார்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, நாளும் போதாது என்றால் டிரிப்பில் ஏற்றலாம். ஏற்றிய மறுநாளே ஹீமோகுளோபின் கூடிவிடாது, சில வாரம் பிடிக்கும். அதனால் இப்போதே கேள். மாத்திரையை டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் ஒட்டாது.

அப்புறம், டிரானெக்சாமிக் ஆசிட் போடுவார்களா என்று மயக்க டாக்டரிடம் கேள். மாதவிலக்கு அதிகமானபோது நீ சாப்பிட்ட அதே மருந்துதான், ஆப்பரேஷனில் நரம்பு வழியாகப் போடுவார்கள். காயத்தை அடைத்த ரத்த உறைவை உடம்பே சீக்கிரம் கரைத்துவிடாமல் அது தடுக்கும். ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் ரத்தம் போய்த் தாய்மார் சாகக் கூடாது என்பதுதான் அந்த அம்மாவின் எண்ணம். 2022இல் வந்த ஓர் ஆய்வில், இதய ஆப்பரேஷன் அல்லாத மற்ற ஆப்பரேஷன் செய்துகொண்ட 9,535 பேரைப் பார்த்தார்கள். மருந்து போட்டவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 11.7 சதவீதம் பேருக்கும் கடுமையான ரத்தப்போக்கு இருந்தது.

ஆப்பரேஷன் தியேட்டரில் நான் தாதியாக இருந்தபோது ரத்தம் ஊறிய காஸ் துணிகளைத் தராசில் வைப்போம். துணியின் எடையைக் கழித்தால், கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு. போர்டில் அந்த எண் ஏற ஏற, ரத்த வங்கிக்கு போன் போடவா என்று மயக்க டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அதற்காக ரத்தமே ஏற்ற வேண்டாம் என்று அடம்பிடிக்காதே. தேவைப்பட்டால் ஏற்றட்டும். ஆனால் ஊட்ரம் ரத்த வங்கியில் காசு வாங்காமல் ரத்தம் கொடுக்கக் கை நீட்டுகிறவர்களைப் பார்த்தவள் நான். ஒரு பைகூட வீணாகப் போவதை என் மனசு தாங்காது.

ஒன்று மறக்காதே. உன் பெரியம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டு வந்ததையும், நீ சாப்பிடும் கருத்தடை மாத்திரையையும் டாக்டரிடம் கட்டாயம் சொல். அதைத் தெரிந்துகொண்டுதான் டிரானெக்சாமிக் ஆசிட் உனக்குச் சரிப்படுமா என்று முடிவு செய்வார்.

மயக்க டாக்டரைப் பார்க்கும் நாள் தெரிந்ததும் சொல், கேட்க வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். அப்பா எனக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆப்பரேஷனுக்கு முந்தின வாரமே வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா