எம்.எஸ். ஆகிவிட்டேன்

அன்புள்ள வசந்தி,

பத்து மாதமாக நீ என்னைத் திட்டுவது இங்கிலாந்தில் இந்த லெஸ்டர் வரை கேட்கிறது. திட்டிக்கொள். மூட்டுவலி, மாடி கட்டியது, மருமகள் புராணம் எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சர்ஜன்களின் கடிதங்களை டைப் செய்யும் வேலை எனக்கு. முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐம்பது வயதுப் பெண் சர்ஜன், இரண்டு பிள்ளைகள், பெயருக்கு முன்னால் பவ்யமாக 'டாக்டர்' போட்டு நீட்டினேன். அதைப் பேனாவால் அடித்து 'மிஸ்' என்று எழுதித் திருப்பித் தந்தார். பிரிட்டனில் அப்படித்தானாம், சர்ஜன் ஆணென்றால் மிஸ்டர், பெண்ணென்றால் கல்யாணம் ஆனாலும் பெரும்பாலும் மிஸ். 1745 வரை லண்டனில் முடிவெட்டுகிறவர்களும் சர்ஜன்களும் ஒரே சங்கம், பட்டம் படித்த வைத்தியர்தான் டாக்டர். அன்றைய இளப்பம் இன்றைக்குக் கௌரவம். படித்து டாக்டராகி, அதற்கு மேலும் பரீட்சை எழுதி மறுபடி மிஸ் ஆகிறார்கள். பேரன் எடுத்த பிறகும் நம் கணக்கு மிஸ் மிஸ்ஸாகவே இருந்தாரே, காதைத் திருகியதில் அவரும் சர்ஜன்தான்.

அப்புறம் பைத்தியம் பிடித்த மாதிரி இதையே தேடிப் படித்தேன். மிஸ், மிஸஸ் இரண்டும் 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் மிஸஸ் என்றால் வீட்டையோ கடையையோ ஆளும் பெண், தாலி கணக்கில்லை. இன்றைக்கு மிஸ்ட்ரஸ் என்றால் சின்ன வீடு! கல்யாணம் ஆனதா இல்லையா என்று காட்டிக்கொடுக்காத 'எம்.எஸ்.' (Ms) 1901-லேயே ஒரு அமெரிக்கப் பத்திரிகை சொன்ன யோசனை, யாரும் சீண்டவில்லை. 1961 வாக்கில் ஷீலா மைக்கேல்ஸ் என்ற பெண், கூடத் தங்கியிருந்தவளுக்கு வந்த தபாலில் அதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தாராம், பிறகு அவர்தான் அதைப் பரப்ப அலைந்தார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதைப் போட 1986-ல்தான் இறங்கி வந்தது. அதைச் சொல்லும்போது கடைசியில் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இழுக்க வேண்டும், நம் எழுத்தில் எழுதினால் அதுவும் மிஸ்தான். எனக்கோ எம்.எஸ். என்றாலே சுப்புலட்சுமி குரல்தான் காதில் கேட்கிறது.

இவ்வளவு நீட்டி முழக்குவது ஏன் என்று உனக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும். போன மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம். அழவில்லை வசந்தி, பேங்க் படிவத்தில்தான் மாட்டிக்கொண்டேன், பெயருக்கு முன்னால் ஒரு கட்டம், எனக்குப் பின்னால் வரிசை. இங்கே பழைய வழக்கப்படி விதவை கணவன் பெயரோடேயே மிஸஸாக இருக்கலாம், விவாகரத்தானவள் அவனுடைய முதற்பெயரை விட்டுவிட்டுத் தன் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டுக்கொள்ள வேண்டுமாம். மிஸ் போட்டால் பொய், மிஸஸ் போட்டால் வேறு மாதிரிப் பொய். எம்.எஸ்.ஸில் டிக் போட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தீபாவளி முறுக்கு அனுப்பப் போகிறாளாம், பார்சலில் 'திருமதி' போட்டு அவர் பெயரையும் சேர்த்து எழுதுவாள். அதற்குள் நீ ஒரு நடை போய்ப் பேசிவிடேன். காலையில் போகாதே, பிரஷர் மாத்திரை போட்ட பிறகு போ.

உன்,
கீதா