கோயில்காட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயிலைச் சூழ்ந்த நம் காட்டில் களைச்செடிகளை அகற்றி, நாட்டு மரங்களை நட்டு மீட்கும் கோயில்காட்டுத் திருப்பணி மூன்று மழைக்காலம் நடந்து நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். செய்த வேலைகளோடு, வேண்டுமென்றே செய்யாமல் விட்ட வேலைகளுக்கும் இங்கே விளக்கம் உண்டு. கேள்விகள் அதிகம் வந்தது இரண்டாவதைப் பற்றித்தான்.

முதல் வேலை சீமைக்கருவேலத்தை அகற்றுவது. ஜேசிபி வைத்து இரண்டே நாளில் முடிக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. பக்கத்திலுள்ள வீரை, காசா போன்ற நாட்டு மரங்களின் வேர் அறுபடும். மண்ணைப் புரட்டினால் அடியில் உறங்கும் கருவேல விதை மேலே வந்து அடுத்த மழைக்கே முளைக்கும். தரையோடு வெட்டினாலும் தூரிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்த்துவிடும். அதனால் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, ஒரு அடி ஆழத்தில் வேரை அறுத்தோம். ஒரேயடியாக அகற்றாமல் பகுதி பகுதியாக எடுத்ததற்குக் காரணம், நிழல் திடீரென்று போனால் கீழே நிற்கும் நாட்டுக் கன்றுகள் கோடையில் கருகிவிடும் என்பது. காய் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை திரும்ப வரும். ஆகவே மழை முடிந்த ஈரத்தில் நாற்றுகளைக் கையால் பிடுங்கும் வேலை ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

லண்டானா எனப்படும் உண்ணிச்செடியைப் பழம் பிடிக்கும் முன்பே எடுத்தோம். மண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடையில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் வேர் காய்ந்து செத்துவிடும். இதில் ஒரு பிழையும் நேர்ந்தது. முதல் ஆண்டில் களையோடு களையாக, நாட்டுக் கொடிகளான ஓடைக்கொடியும் ஆதொண்டையும் வெட்டப்பட்டன. மேற்பார்வைக் குறை எங்களுடையது. ஆதொண்டையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. பெருங்கொடிகள் இல்லாவிட்டால் மர உச்சிகளைப் பிணைக்கும் பாலமும் போய்விடும். அடுத்த ஆண்டிலிருந்து காக்கவேண்டிய கொடிகளில் வெள்ளைத்துணி கட்டிய பிறகே அரிவாள் எடுக்கப்பட்டது.

நடவுக்கான விதையைக் கடையில் வாங்கவில்லை. சப்போட்டா ஒட்டுக்கட்ட வளர்க்கும் பாலை மரக்கன்று நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அவை எந்த மரத்து விதை என்று தெரியாது. எல்லாம் ஒரே தாய்மரத்துப் பிள்ளைகளாக இருந்தால் ஒரு நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும். எனவே சுற்றுவட்டாரக் காடுகளில், ஒன்றுக்கொன்று ஐம்பது மீட்டராவது தள்ளி நிற்கும் பதினைந்துக்கு மேற்பட்ட மரங்களிலிருந்து எடுத்தோம். வீரையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஒன்றிரண்டு கன்று நட்டுவிட்டுப் பழத்துக்குக் காத்திருப்பதில் பொருளில்லை, கூட்டமாகவே நடவேண்டும். பழச்சதையைக் கழுவி எடுக்காத விதையில் பூசணம் பிடிக்கும். காசா விதையைக் காயவைத்துச் சேமித்தாலோ முளைப்புத்திறன் போய்விடும். பறித்த வாரத்திலேயே போடுவதுதான் வழி.

பையிலே நெடுநாள் இருந்த கன்றின் வேர் அடியில் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் இரண்டு வருடம் நன்றாக நின்று பிறகு காற்றில் சாயும். அடிவேர்ச் சுருளைக் கத்தியால் ஒரு விரற்கடை அறுத்துவிட்டு நட்டோம். குழி ஒன்றரை அடிச் சதுரம், அதே ஆழம். இடைவெளி இரண்டு மீட்டர். உரமாகக் காட்டுத்தரை மண் இரண்டு கை மட்டும்: வேரோடு கூடி வாழும் பூஞ்சை அதில் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் மழையீரம் மண்ணுக்குள் ஒன்றரை அடிக்கு இறங்கிய பிறகு தொடங்கி, ஐப்பசிக்குள் முடித்தோம். வெட்டவெளியில் நட்ட காசாக் கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. புங்கன் நிழலில் நட்டவை பிழைத்தன. நிழல் மரத்தை முந்தி நட்டிருக்கவேண்டும்.

இனி செய்யாமல் விட்டவை. காட்டுக்குள் சிமெண்ட் தளம் போடவில்லை. சன்னிதிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை மண்ணாகவே இருக்கிறது. சருகு கூட்டுவதை நிறுத்தினோம். "குப்பையாய்க் கிடக்கிறதே" என்று பலர் வருந்தினார்கள். அந்தச் சருகுக்கடியில்தான் ஈரம் தங்கி விதை முளைக்கிறது. நட்ட கன்றுகளைவிடத் தானே முளைத்தவைதான் இன்று அதிகம். ஒப்புக்கொள்ள எங்களுக்கே கொஞ்சம் சங்கடம்தான். பட்டுப்போன பாலைமரத்தை வெட்டி விற்கவில்லை. அதன் பொந்துகளில் புள்ளி ஆந்தையும் கிளியும் குடியிருக்கின்றன. பாதையில் நடப்போர்மேல் விழக்கூடிய கிளைகள் மட்டும் கழிக்கப்பட்டன. ஃபோகஸ் விளக்குகளை எடுத்துவிட்டு, மூடி வைத்த மஞ்சள் விளக்குகளைக் கீழ்நோக்கிப் பொருத்தினோம். வெள்ளொளி வெள்ளத்தில் வௌவால்கள் பழமரத்தை அண்டாது, விதையும் பரவாது. பொங்கல் அடுப்புக்குக் காட்டுக்கு வெளியே, சருகு இல்லாத பக்கத்தில் மேடை கட்டியாயிற்று.

நம் காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிர்வளத்துக்காகச் சட்டப்படி காக்கும் இடமாக, அறிவிக்கக் கேட்கலாமா என்ற கேள்வி பொதுக்குழுவில் வரும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் 37ஆம் பிரிவின்படி உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு அறிவிக்கலாம். சிறிய காடு என்று தயங்கவேண்டியதில்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால் இங்கு இருப்பவை முதலில், ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏறுவது நல்லது. செடிகொடிகளின் பட்டியல் முடிந்தது. தவளை, பாம்பு, பூச்சிகளுக்கான பட்டியல் அடுத்த ஐப்பசி மழையில் எடுக்கப்படும். இரவில் டார்ச்சுடன் வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். செருப்பு வேண்டாம், கணுக்கால் மூடிய பூட்ஸ் அவசியம்.

— திருப்பணிக் குழு