கிழித்த பக்கங்கள்

பாளையங்கோட்டை
லெந்து (தவக்கால) நாட்கள், மூன்றாம் வாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் புதன்கிழமை லெந்து ஆராதனைக்கு நடந்தேதான் வருவேன் என்கிறார்கள். முருங்கை காய்த்துக் கொட்டுகிறது. பறித்துத் தின்னத்தான் வீட்டில் ஆள் இல்லை.

ஜெர்மனியிலிருந்து உன் ஜெப நோட்டில் இரண்டு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, கண்ணாடி போட்டு, பெரிதாக்கி, நாலைந்து தரம் படித்துவிட்டேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு வருஷமாக எழுதியதை உட்கார்ந்து படித்தாயாம், வெட்கமாக இருக்கிறதாம், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு ஈஸ்டரிலிருந்து புது நோட்டில் ஒழுங்காக எழுதப் போகிறாயாம். போனில் பேசினால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, கடைசியில் சமையலில் வந்து முடியும். அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வரும்வரை ஒரு தாளையும் கிழிக்காதே மகளே.

நானும் ஒரு தரம் கிழித்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

நான் ஜெப நோட்டு எழுதத் தொடங்கியது 1978-இல், ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது. விடுதியில் எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். வேலை கிடைத்தபின், கல்யாணத்துக்குப் பின், நீ பிறந்த வருஷத்தில்கூட அது விடவில்லை. 1995 டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எனக்கு 118-ஆம் சங்கீதம் வந்தது, சாவாமல் பிழைத்திருப்பேன் என்கிற வசனம். உன் மாமாவுக்கு அப்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தோம். அவனுக்கு வயது முப்பத்தொன்று. அந்த அட்டையை நோட்டில் ஒட்டி, அதன் கீழே, "கர்த்தர் என் தம்பிக்கு ஜீவனைக் கொடுத்துவிட்டார், ஸ்தோத்திரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்கப்புறம் தினமும் எழுதினேன். அவன் என்ன சாப்பிட்டான், என்ன சொல்லிச் சிரித்தான், எந்தப் பாட்டைப் பாடச் சொன்னான், எல்லாம். ஜனவரி 23-ஆம் தேதி அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் நோட்டைத் திறந்தேன். அந்தக் கொட்டை எழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது. அந்த இருபத்துமூன்று நாள் பக்கங்களையும் கிழித்து விறகடுப்பில் வைத்தேன். பொய் எழுதிவிட்டேன், ஆண்டவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டேன் என்கிற கூச்சம். யாராவது பார்த்தால் என் விசுவாசத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்கிற பயமும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

இப்போது முப்பது வருஷம் கழித்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது தெரியுமா? அவன் கடைசியாகப் பாடச் சொன்ன கீர்த்தனை எது என்பது எனக்கு மறந்துபோயிற்று. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் எழுதியதில் தப்பாயிருந்தது அந்த ஒரே வரி. அதற்காக, அவன் உயிரோடிருந்த கடைசி நாட்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன்.

வேதத்தில் எரேமியா 36-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு எடுத்து வாசி. யோயாக்கீம் ராஜா குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா தீர்க்கதரிசி எழுதுவித்த சுருளில் மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோலம்தான் அது. அதற்குப்பின் நடந்ததை ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு யாரும் அழுத்திச் சொல்லித் தரவில்லை. எரேமியா சொல்லச் சொல்ல, அவருக்கு எழுதிக் கொடுக்கிற பாருக்கு என்பவன் வேறொரு சுருளில் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறான். கடைசி வசனத்தில், முன்பு இல்லாத அநேக வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன என்று இருக்கிறது. இரண்டாம் தரம் எழுதியது முதலாவதைவிட நிறைவாக வந்திருக்கிறது. அந்த வசனத்தைக் கண்ட பிறகுதான் நான் மறுபடி பேனா எடுத்தேன். இடையில் இரண்டு வருஷம் போய்விட்டது.

இப்போது உன் பக்கங்களுக்கு வருகிறேன். நீ நல்லது என்று நினைத்து அனுப்பிய முதல் பக்கத்தில், ஆண்டவர் என் வனாந்தரத்தை வயல்வெளியாக்கினார், என் கண்ணீரைக் களிப்பாக்கினார் என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை. ஆனால் அதை நம் சபைச் சேகரத்தில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எந்த வனாந்தரம், என்றைக்கு வயலானது, ஒன்றும் அதில் இல்லை. நீ வெட்கப்பட்டு அனுப்பிய இரண்டாம் பக்கத்தில், ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது அவர்கள் கேட்டது புரியாமல் அழுகை வந்தது, பின்னால் நின்ற கிழவி ஒன்றும் பேசாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டாள், வீட்டுக்கு வந்தும் ஜெபிக்கத் தோன்றவில்லை, அப்படியே தூங்கிவிட்டேன் என்று இருக்கிறது. அதில் விசுவாசமே இல்லை என்கிறாய். நான் அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்தப் பாட்டிக்காக ஜெபித்தோம்.

முதல் பக்கம் பிரசங்கத் தமிழ் மகளே. நாமெல்லாம் அதைக் கேட்டே வளர்ந்ததால் பேனாவைத் திறந்தாலே அது தானாக வந்து விழுகிறது. எனக்கும் பல வருஷம் அப்படித்தான். அது வரும்போது நிறுத்திவிட்டு, இதை உன் ஆச்சியிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வேன் என்று என்னையே கேட்பேன். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தகர டப்பாவில் போடுவாள். ஒருநாளும் தவறாது. சில நாள் கை நிறைய இருக்கும், சில நாள் பத்து மணிதான் இருக்கும். அவளிடம் வனாந்தரம் வயல்வெளி என்றெல்லாம் சொன்னால், "நடந்ததச் சொல்லு பிள்ள" என்பாள். நீயும் அப்படியே எழுது. பத்து மணி அரிசி அளவுக்கு எழுதினாலும் போதும். ஜெபிக்கத் தோன்றாத நாளில் தோன்றவில்லை என்று எழுதி, தேதி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்.

நீ இருக்கிற ஹாலே ஊருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. அங்கே ஃபிராங்கே ஐயர் தொடங்கிய ஸ்தாபனத்தின் பழைய நூலகத்தில் தமிழ் ஓலைகளைப் பார்த்ததாகப் போன மாதம் எழுதியிருந்தாய். 1706-இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து அந்த மிஷனரிமார் நாட்குறிப்பும் கடிதமும் எழுதி ஹாலேக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1710-இலிருந்து ஹாலேயில் அவற்றை அச்சிட்டார்கள். ஆனால் காணிக்கை கொடுக்கிறவர்கள் வாசிப்பார்களே என்று, அவர்களுக்குப் பிடிக்காது என்று தோன்றியதைப் பதிப்பித்தவர்கள் வெட்டினார்கள், மாற்றினார்கள். நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம் 1713-இல் முடிந்தது. அவர் 1719-இல் இறந்துபோனார். அந்தப் புத்தகம் அச்சில் வந்தது 1867-இல், அதுவும் சென்னையில்தான். இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் அச்சுப் பிரதியோடு நிற்காமல், வெட்டுப்படாத கையெழுத்துக் காகிதங்களைத் தேடி உன் ஊருக்கு வருகிறார்கள். உன் நோட்டுக்குக் காணிக்கைக்காரர் யாரும் இல்லை. நீயே எதற்கு வெட்ட வேண்டும்?

அப்படியானால் திருத்தவே வேண்டாமா என்று கேட்பாய். திருத்த வேண்டும். வாத்திச்சி நான், திருத்தாதே என்று சொல்வேனா? ஹாலேயில் படித்துவிட்டு 1740-இல் மிஷனரியாக இங்கே வந்த ஃபப்ரிசியஸ் ஐயரை நினைத்துக்கொள். சீகன்பால்க் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-லேயே அச்சாகி முடிந்திருந்தது. அது போதும் என்று ஃபப்ரிசியஸ் விடவில்லை. வருஷக்கணக்காக உழைத்து அவர் செய்த புதிய ஏற்பாடு 1772-இல் அச்சேறியது. அவருடைய பழைய ஏற்பாடு முழுதாக வந்தது 1796-இல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1791-லேயே இறந்துவிட்டார். அதற்குப்பின் நம் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ரேனியஸ் ஐயர் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். அதற்கும் பின் பவர் ஐயர் குழு செய்தது 1871-இல் வந்தது. நம் வீட்டு மேஜையில் இருக்கிற வேதாகமம் அந்த வழியில் வந்ததுதான். வேத வசனமே தமிழில் இத்தனை கை மாறி, இத்தனை திருத்தம் பட்டு நமக்குக் கிடைத்திருக்க, உன் நோட்டு இரண்டு வருஷத்தில் நேராகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயே.

நான் திருத்துகிற விதத்தைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து டிசம்பர் 31 ஆராதனை வரை ஐந்து நாள் இருக்கிறது. பலகாரமெல்லாம் கொடுத்து முடிந்து வீடு ஓய்ந்திருக்கும். அந்த ஐந்து நாளில் அந்த வருஷ நோட்டை முதலிலிருந்து வாசிப்பேன், கையில் பென்சில் வைத்துக்கொண்டு. சிவப்பு மை பிள்ளைகள் நோட்டுக்கு. இதற்குப் பென்சில்தான். தப்பென்று தெரிந்ததன் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது வாசிக்கத் தெரியும்படி. ஓரத்தில் அன்றைய தேதி போட்டு, இப்போது எப்படித் தோன்றுகிறது என்று இரண்டு வரி. எழுதிய நாளில் எனக்கு அதுதான் உண்மை. அதை ஏன் அழிக்க வேண்டும்?

அப்படி வாசிக்கும்போதுதான் நம் முகம் நமக்குத் தெரிகிறது. ஒரு வருஷ நோட்டில் உன் அத்தையைப் பற்றி ஆண்டவரிடம் நான் முறையிட்டது முப்பத்தோரு இடத்தில் இருந்தது. எண்ணினேன். அவள் எனக்குச் செய்த நன்மைக்கு ஸ்தோத்திரம் சொன்னது ஒரே இடம். எழுதும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அடுக்கிப் பார்த்தபோது தாங்கவில்லை. அந்த ஜனவரியில்தான் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். கேக்கும் முறுக்கும் கொண்டுபோனது உனக்கு நினைவிருக்கும், காரணம் இதுதான்.

ஹிப்போ பட்டணத்துப் பேராயர் அகஸ்தீன் 430-இல் இறந்தார். அதற்கு மூன்று நாலு வருஷத்துக்கு முன், எழுபது தாண்டிய வயதில், தான் எழுதிய 93 நூல்களையும் வரிசையாக எடுத்துப் பார்த்து, இங்கே அவசரப்பட்டேன், இங்கே சரியாகச் சொல்லவில்லை என்று குறித்துவைத்தார். அதுவே தனி நூலாயிற்று. பழையதை அவர் எரிக்கவில்லை. இதை ஒரு லெந்து தியானத்தில் நம் சேகரத்துக் குருவானவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தவளின் நோட்டில் தாள் வாங்கிக் குறித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அடுத்தவர் துக்கத்தை எழுதும்போது பேரை எழுதாதே, அதை வெளியே வாசித்தும் காட்டாதே. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருமுறை நான் சாட்சி என்று எழுந்து, ஒருத்தி என்னிடம் ஜெபிக்கக் கேட்டதை நோட்டிலிருந்து வாசித்துவிட்டேன். பேர் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அது என் குற்றம்.

கடைசியாக ஒரு உதவி. இந்த லெந்தில் நான் அந்த இருபத்துமூன்று நாளையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், மேலே அந்தத் தேதி, பக்கத்தில் இன்றைய தேதி. "கர்த்தர் ஜீவனைக் கொடுத்துவிட்டார்" என்று அன்று எழுதியதையும் அப்படியே எழுதி, ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுத வேண்டியதை எழுதினேன். பன்னிரண்டு நாளுக்கு ஏதாவது கிடைத்தது. மற்றவை வெறுமையாக இருக்கின்றன. உனக்கு அப்போது ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாமா உன்னைக் கட்டிலில் ஏற்றி உட்காரவைத்துப் பாடச் சொன்னான். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்க வெளியே போயிருந்தேன். திரும்பி வரும்போது நீ பாடி முடித்திருந்தாய், அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

என்ன பாடினாய் என்று நினைவிருந்தால் எழுது. ஜனவரி 14-ஆம் தேதிப் பக்கத்தில் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா