மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மனநோயாளிகள் தங்கி வேண்டிக்கொள்ளும் கோயில், தர்கா, ஜெபக்கூடங்களின் நிர்வாகிகளுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கடவுள் உண்டா இல்லையா என்று உங்களோடு வாதாட இதை எழுதவும் இல்லை. அது நம் காலத்தில் தீருகிற வழக்காகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் வாசலுக்கு வருகிறவர்களின் நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டாக்டர் பத்து தடவை சொல்லியும் கேட்காதவர்கள், நீங்கள் ஒரு தடவை சொன்னால் கேட்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் சித்தி மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாத்திரை சாப்பிட்டான், குரல்கள் அடங்கின, படிப்பை முடித்து வேலைக்கும் போனான். அப்புறம் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில், “முழு நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு?” என்று மைக்கில் கேட்டார்கள். சித்தி, பாதி தீர்ந்திருந்த மாத்திரை அட்டைகளை மேடையடியில் வைத்துவிட்டு வந்தார். சில வாரங்களில் குரல்கள் திரும்பிவிட்டன. அம்மாவே சோற்றில் விஷம் வைக்கிறாள் என்று சொல்லி, அறையைப் பூட்டிக்கொண்டு பட்டினி கிடந்தான். சித்தியோ தன் நம்பிக்கையில்தான் ஏதோ குறை என்று அழுதுகொண்டே இருந்தார். அப்படிக் கேட்டவர் அதற்குள் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் மகான் பாதுஷா நாயகம் கனவில் வந்து உத்தரவு கொடுத்தால் நோய் தீர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அந்தக் கனவுக்காக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். அதுவரை காலில் சங்கிலி.

நம்பிக்கையால் கெடுதல் மட்டும்தான் வரும் என்று சொன்னால் அது பொய். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, பெங்களூரின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மருந்தும் இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. காலையில் ஒரு சின்ன பூஜை, அப்புறம் கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. பயமுறுத்தாத ஓர் இடமும் கையில் ஒரு வேலையும் கிடைத்ததால் வந்த பலன் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் சாமியின் அருள் என்பீர்கள். இருக்கட்டும். மிச்சமிருக்கும் 80 சதவீதத்துக்கு என்ன செய்வது என்பதுதான் என் கவலை. (என் பகுத்தறிவுத் தோழர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பயத்தோடு வரும் ஒரு தாயைக் கேலி செய்து எந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட முடியாது.)

பிரார்த்தனையும் மருந்தும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதற்கும் அதே ஏர்வாடிதான் சாட்சி. ‘தவா–துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் தர்காவுக்கு வருகிறவர்களை இப்போது மனநல மருத்துவரும் பார்க்கிறார். ஓதுகிறவர் ஓதுகிறார், மருத்துவர் மருந்து கொடுக்கிறார். திருச்சி அருகே உள்ள குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநல மறுவாழ்வு மையம் உண்டு. இதனால் அந்தத் தலங்களின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். யாரையும் சங்கிலியில் கட்ட விடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை அடியோடு தடை செய்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வந்து உட்கார ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். அரசின் 14416 என்ற இலவச ஆலோசனை எண்ணை, நேர்த்திக்கடன் சீட்டு வாங்கும் இடத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். மந்திரிக்கும்போதும் விபூதி கொடுக்கும்போதும் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போதும், “மாத்திரையை விடாமல் சாப்பிடு, சாமி உன்னோடு இருக்கிறார்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் சித்தி கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அண்ணன்